கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் மஞ்சளாக வரும் குழாய்நீர்: குடிக்கலாமா, யாரிடம் பரிசோதிக்கலாம்?

கேள்வி
எழுதியவர்: ஒழுங்கைவாசி

வணக்கம். கொட்டாஞ்சேனையில் 22 வீடுகள் உள்ள ஒரு சிறிய ஒழுங்கையின் சார்பில் இதை எழுதுகிறேன். பிரதான வீதியிலிருந்து ஒரேயொரு குழாய் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறது. அதிலிருந்தே எல்லா வீடுகளுக்கும் கிளைக் குழாய்கள் பிரிகின்றன. கடந்த மூன்று வாரங்களாக, விடியற்காலை நான்கரை மணிக்குத் தண்ணீர் வரத் தொடங்கும்போது முதல் இரண்டு வாளிகள் தேயிலைச் சாயம் கழுவிய நீரைப் போல மஞ்சளாக இருக்கின்றன. பத்து நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. மழை பெய்த மறுநாள்களில் அந்த நீரில் கான் (கழிவுநீர் வாய்க்கால்) நாற்றமும் வீசுகிறது. பகலில் நீர் நூல்போலத்தான் வருவதால், ஆறு வீட்டார் குழாயிலேயே நேரடியாக மோட்டர் பூட்டியிருக்கிறார்கள்.

பத்து நாள்களுக்குள் ஒழுங்கையில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அவர்களில் ஒருவன் ஆறு வயதான என் மகன். இரண்டு நாள் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றினோம். நான் அவனுக்குக் கொதித்தாறிய நீரைத்தான் குடிக்கக் கொடுக்கிறேன். ஆனால் பல் துலக்குவதும், பழம் கழுவுவதும், சம்பலுக்கு வெங்காயம் அலசுவதும் குழாய்நீரில்தான் என்பது அதன் பிறகே எனக்கு உறைத்தது.

இதற்கிடையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை நீர் வடிகட்டி விற்கும் ஒருவர் வந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் எங்கள் குழாய்நீரையும், மற்றொன்றில் தாம் கொண்டுவந்த போத்தல் நீரையும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை வைத்து மின்னிணைப்புக் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் எங்கள் நீர் சேறுபோலப் பழுப்பாகித் திரண்டது. அவருடைய நீர் அப்படியே இருந்தது. பார்த்த பெண்கள் பயந்துபோனார்கள். இரண்டு வீட்டார் முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். அந்த வடிகட்டியின் விலை எங்களில் பலருடைய ஒரு மாத வருமானத்தைவிட அதிகம்.

எங்கள் நீர் உண்மையிலேயே நஞ்சாகிவிட்டதா? மஞ்சள் நிறம் துருவா, ஈயமா? கொதிக்க வைத்தால் போதுமா? அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர்

அன்பின் சகோதரி, குடிநீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முற்பணம் கொடுத்த இரண்டு வீட்டாரும் அதை உடனே திருப்பிக் கேட்க வேண்டும். நீங்கள் கண்ட பழுப்புச் சேறு உங்கள் நீரில் இருந்ததன்று. அந்தக் கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டானது. குழாய்நீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு அரிக்கப்பட்டுத் துருவாகத் திரள்கிறது. உப்பு நீக்கப்பட்ட போத்தல் நீரில் மின்சாரம் ஏறத்தாழப் பாய்வதேயில்லை. ஆகவே அது தெளிவாக நிற்கிறது. அவர் மறுபடி வந்தால், அவருடைய குவளையில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறமாகும். நோய்க்கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்தச் சோதனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி உங்கள் நீரைப் பார்ப்போம். கொழும்புக்கு வரும் நீரில் ஒரு பகுதி லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆற்றுநீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரளவைத்துப் படியவிட்டு, மணல் வடிகட்டிகளினூடாகச் செலுத்தி, இறுதியில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அந்தக் குளோரின் அங்கேயே தீர்ந்துவிடக் கூடாது. வழியில் ஏதேனும் கிருமி கலந்தால் அதைக் கொல்வதற்காகச் சிறிதளவு எஞ்சி உங்கள் வீடு வரை வரவேண்டும். குழாய்வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே குளோரின் மணக்கிறது என்று முகம் சுளிப்பவர்களிடம், அந்த மணம் உங்கள் காவலாளி என்றுதான் நான் சொல்லுவேன்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வந்து பத்து நிமிடங்களில் தெளியும் மஞ்சள், பெரும்பாலும் பழைய இரும்புக் குழாய்களில் இரவு முழுதும் தேங்கிய நீரில் கரைந்த துருவாகத்தான் இருக்கும். அது துணியைக் கறையாக்கும், தேநீரின் சுவையைக் கெடுக்கும்; ஆனால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவித்தது அதுவாக இருக்காது. ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து ஈயம் உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. பழைய பித்தளைப் பொருத்துகளும், குழாய் மூட்டுகளில் ஈயப் பற்றாசும் (உருக்கி ஒட்டும் உலோகம்) உள்ள வீடுகளில், இரவில் தேங்கிய முதல் நீரைச் சமையலுக்கு எடுக்காமல் தரை கழுவப் பயன்படுத்துவது நல்லது.

என்னைக் கவலைப்படுத்துவது மழைக்குப் பிந்திய கான் நாற்றமும், அந்த ஆறு மோட்டர்களும்தான். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். அழுத்தம் விழுந்து, அதன்மேல் மோட்டர்களும் இழுக்கும்போது, அதே ஓட்டை வாயாக மாறிச் சுற்றியிருக்கும் கழிவுநீரை உள்ளே உறிஞ்சிவிடும். மோட்டர் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நீர் வராததால்தான் அவர்கள் வைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டு மோட்டர் உறிஞ்சும் அழுக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் குவளைக்கும் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எஞ்சிய குளோரினை அளக்கும் சிறு நிறமானி இருக்கும். பத்து மில்லிலீற்றர் நீரில் ஒரு மாத்திரையைக் கரைத்தால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். இல்லாவிட்டால் நிறமின்றி நிற்கும். ஒழுங்கையின் வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று, தாங்கி உள்ள வீட்டில் தாங்கிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று என அளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சிவப்பு மறைகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் இடையில்தான் பிழை இருக்கும்.

கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழையோடு மாட்டெரு ஒரு கிணற்றில் கலந்து, ஏழு பேர் இறந்தார்கள். 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். எஞ்சிய குளோரினை நாள்தோறும் ஒழுங்காக அளந்திருந்தால் பாதிப்பைப் பெருமளவு குறைத்திருக்கலாம் என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெளிவானது.

அதுவரை, குடிக்கவும், பல் துலக்கவும், பச்சையாக உண்பவற்றைக் கழுவவும் கொதித்தாறிய நீரையே பயன்படுத்துங்கள். குமிழிகள் எழுந்து பொங்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆறவைத்த பாத்திரத்திலேயே மூடி வையுங்கள். கையால் கோப்பை விட்டு அள்ளினால் கொதிக்கவைத்த பயன் போய்விடும்.


பதில் 2
எழுதியவர்: வெள்ளவத்தை தொடர்மாடி

ஐயா சொன்னதோடு தாங்கியைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் தொடர்மாடியில் பிழை முழுவதும் அங்கேதான் இருந்தது. வீதிக் குழாயில் குளோரின் இருந்தது. மூன்றாம் மாடிக் குழாயில் துளியும் இல்லை. நிலத்தடித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் ஒரு மூலை கையகலத்துக்கு உடைந்திருந்தது. டோர்ச் அடித்ததும் சுவரோரமாகக் கரப்பான்கள் சிதறி ஓடின. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்பு வண்டல். அதன்மேல் ஒரு பல்லியின் எலும்பு கிடந்தது. ஆண்டுக்கணக்காக அந்த நீரில்தான் நாங்கள் பிள்ளைகளின் பால் போத்தல்களைக் கழுவியிருக்கிறோம் என்பதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவியபின், 70 சதவீதக் குளோரின் கொண்ட தூளை 1,000 லீற்றருக்கு ஏறத்தாழ 70 கிராம் என்ற கணக்கில் ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றித் தொட்டியை நிரப்பினோம். எல்லாக் குழாய்களையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 24 மணித்தியாலம் அப்படியே விட்டு, பிறகு முழுவதையும் வெளியேற்றிப் புதுநீர் நிரப்பினோம். அந்த ஒரு நாளைக்கு யாரும் அந்த நீரைத் தொடக் கூடாது என்று கதவுகளில் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தோம். தூளை நீரில் போட வேண்டும், தூளின்மேல் நீரை ஊற்றக் கூடாது. கழிவறை கழுவும் அமிலம் அருகிலேயே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.


பதில் 3
எழுதியவர்: வடக்கிலிருந்து வந்தவள்

கொதிக்க வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. நான் யாழ்ப்பாணத்துப் பெண்; அங்கே சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில், தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று அதிகரிப்பதுண்டு. அந்த உப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கலந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். அந்த நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நீர் வற்ற வற்ற நைத்திரேற்று செறிந்துகொண்டே போகும். ஈயத்துக்கும் புளோரைட்டுக்கும் இதே கதைதான். என் சின்னம்மா நல்லது செய்வதாக எண்ணி, பேரப்பிள்ளைக்காகக் கிணற்றுநீரை அரை மணித்தியாலம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக் குழாய்நீரில் உங்கள் சிக்கல் கிருமியாகத் தெரிவதால் உங்களுக்குக் கொதிநீர் பொருந்தும். ஊரில் கிணற்றுநீர் குடிக்கும் உறவினருக்கு இதையே மருந்தாகச் சொல்லிவிடாதீர்கள்.


பதில் 4
எழுதியவர்: பழைய கடிதக்காரன்

முறைப்பாடு செய்யும் வழியை நான் சொல்கிறேன். நீர்மானி வரையுள்ள குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. மானிக்கு உட்புறம் உள்ளது வீட்டுக்காரர் பொறுப்பு. கொழும்பு நகருக்குள் கழிவுநீர்க் குழாய்களும் கான்களும் மாநகர சபையைச் சேர்ந்தவை. உங்கள் சிக்கல் இரண்டுக்கும் இடையில் இருப்பதால், ஒன்றிடம் மட்டும் சொன்னால் அது மற்றதைக் கைகாட்டும். நீர் வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே நாளில், 22 வீட்டாரும் ஒப்பமிட்ட ஒரே கடிதத்தை இரு இடத்துக்கும் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. "தண்ணீர் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்த வீட்டில், என்ன நிறம், என்ன மணம், யாருக்கு என்ன நோய் என்று எழுதுங்கள்.


ஒழுங்கைவாசி (பதின்மூன்று நாள்களின் பின்)

உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஒழுங்கையின் நன்றி. பரிசோதகர் வந்து ஐந்து இடங்களில் அளந்தார். ஒழுங்கை வாசலில் சோதனைக் குழாயின் நீர் நன்றாகச் சிவந்தது. ஏழாவது வீட்டிலும் வெளிறிய சிவப்பு இருந்தது. ஒன்பதாவது வீட்டிலிருந்து கடைசி வரை நிறமே வரவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில்தான் குழாய் கானைக் கடந்து செல்கிறது. மறுநாள் கானின் பலகைக்கல்லைப் புரட்டியபோது, குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பும், அதைச் சுற்றி எப்போதோ யாரோ கட்டிய சைக்கிள் டியூப்பும் தெரிந்தன. ஒரு வீட்டில் மோட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அதுவரை கசிந்துகொண்டிருந்த இடத்தில் கசிவு நின்று, கான் நீர் அந்த ரப்பர் மடிப்புக்குள் மெல்ல இழுபடுவதை நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மோட்டரின் சொந்தக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

இப்போது அந்தத் துண்டை மாற்றி, கானுக்கு மேலாகக் குழாயை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். ஆறு மோட்டர்களில் நான்கு கழற்றப்பட்டுவிட்டன. மற்ற இரு வீட்டாரும், மோட்டர் குழாயிலிருந்து இழுக்காதபடி கீழே ஒரு தொட்டி வைத்து, அதிலிருந்து மேலே ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முற்பணம் ஒரு வீட்டாருக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது. கிருமிச் சோதனைக்காக எடுத்த மாதிரியின் முடிவு இன்னும் வரவில்லை. குழாய் திருத்தியாயிற்றே, இனிக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?


ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர்

இன்னும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருத்திய குழாயின் உட்சுவரிலும் வீட்டுத் தாங்கிகளிலும் பழைய அழுக்கு ஒட்டியிருக்கும். முதலில் குழாயின் கடைசி முனையைத் திறந்து நன்றாக ஓடவிடச் சொல்லுங்கள். தாங்கிகளை வெள்ளவத்தைச் சகோதரர் சொன்ன முறையில் கழுவுங்கள். கடைசி வீட்டிலும் குளோரின் எஞ்சி நிற்க வேண்டும். அதோடு, சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் 100 மில்லிலீற்றருக்கு, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இல்லை என்ற முடிவு வரவேண்டும். மாதிரியை ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலிலேயே எடுத்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். அந்தப் போத்தலுக்குள் சிறிது வெண்தூள் இருக்கும். அது குளோரினை முறிப்பதற்காக இடப்பட்டது, அழுக்கென்று எண்ணிக் கழுவிவிடாதீர்கள். இரண்டு முடிவுகளும் கையில் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.