மாடித் தட்டோட்டில் தண்ணீர் தேங்குகிறது, என்ன செய்யலாம்?

நெல்லை பெருமாள்புரத்தில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம். மாடியில் பழைய தளத்தைக் கொத்திவிட்டுப் புதுத் தட்டோடு பதித்தார்கள். தண்ணீர் வடிவதற்கான வாட்டமே (சரிவே) சரியில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் மழைநீர்க் குழாய்ப் பக்கம் போகாமல் படிக்கட்டு ஓரம் தேங்குகிறது. நாணயத்தால் தட்டினால் பல ஓடுகளில் வெற்றுச் சத்தம். இடுக்கில் பூசிய சிமெண்ட் நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. கேட்டால் காண்ட்ராக்டர், “ரெண்டு மழை பெஞ்சா தன்னால செட் ஆயிரும் அண்ணாச்சி” என்கிறார்! என்ன செட் ஆகுமோ.

எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. கடைசித் தவணையை இன்னும் கொடுக்கவில்லை. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். ஓட்டைப் பெயர்த்துத்தான் வாட்டம் திருத்த வேண்டுமா? மேலே வாட்டர்புரூஃப் அடித்துத் தருகிறேன் என்கிறார், பூச்சு வாட்டத்தைச் சரிசெய்யாதே. வேறு ஆள் வைத்துச் செய்தால் செலவைத் தவணையில் கழிக்கலாமா? நுகர்வோர் ஆணையம் வரை போகுமுன், நேரில் பார்த்துக் குறைகளை எழுதித் தரும் சிவில் இன்ஜினியர் நெல்லையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.