மறு: இணையச் சந்தையில் விற்பவருக்கு மட்டும் தெரியும் தேடுசொற்கள் – என்ன பெயர்?

> 'மறைச்சொல்' போதுமே, சுருக்கமாக இருக்கிறது. அவற்றுக்குத் தளம் விதிக்கும் அளவை 'எழுத்து வரம்பு' என்று சொல்லிவிடலாம்.

வணக்கம் ஐயா,

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறையாக்கம், மறைகுறியீடு என்று பாதுகாப்புத் துறையினர் அந்த 'மறை'யை எப்போதோ பட்டா போட்டுக்கொண்டார்கள். மறைச்சொல் என்றதும் கடவுச்சொல்தான் நினைவுக்கு வரும்.

இங்கே ரகசியம் ஒன்றுமில்லை. குடை விற்பவர் பொருளின் தலைப்பில் 'மடக்குக் குடை' என்று எழுதுகிறார். வாங்குபவரோ 'சின்னக் குடை', 'பைக்குள் வைக்கும் குடை' என்றெல்லாம் தேடுவார். அத்தனையையும் தலைப்பில் திணித்தால் படிக்கச் சகிக்காது. அதனால் தனிப் பெட்டியில் போடுகிறார். அது தேடுபொறிக்கு மட்டும்.

என் பரிந்துரை 'உள்தேடுசொல்'. தேடுபொறி புழக்கத்தில் இருப்பதால் தேடுசொல் தானாகவே புரியும். கரந்துறைப்பாட்டை நினைத்துக் 'கரந்துறை சொல்' என்றும் ஆசைப்பட்டேன். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்குமே, அதே கதைதான். ஆனால் விற்பனைப் படிவத்தில் போட்டால் யாருக்கும் விளங்காது.

என் உண்மையான தகராறு அந்தப் பெட்டியின் வரம்பில்தான். எட்சி (Etsy) என்ற இணையச் சந்தையில் 13 குறிச்சொற்கள், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். அங்கே 'எழுத்து வரம்பு' ஓரளவு பொருந்தும். அமேசான் கணக்கோ பைட்டில் (கணினி தகவலை அளக்கும் அலகு), பொதுவாக 250-க்குக் குறைவாக. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. 'குடை' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. கணினிக்கு ககரம், உகரக் குறி, டகரம், ஐகாரக் குறி என நான்கு. ஆக 12 பைட்டு. 'அம்ப்ரெல்லா'வை ஆங்கில எழுத்தில் அடித்தால் எட்டே பைட்டு!

ஒரு தளத்தில் நான் எழுத்தை எண்ணி, இன்னும் இடமிருக்கிறதே என்று பெட்டியை நிரப்பினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பிறகு என் பொருளை நானே தேடினேன். பெட்டியில் போட்ட ஒரு சொல்லுக்கும் அது வரவில்லை. வரம்பு தாண்டினால் மிச்சத்தை மட்டும் வெட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன், மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். 'எழுத்து வரம்பு' என்று நாம் பெயர் வைத்தால் அடுத்தவரும் இதே பள்ளத்தில்தான் விழுவார். 'பைட்டு வரம்பு' என்றே இருக்கட்டும். 'கொள்ளளவு' என்று முன்பு ஒருவர் எழுதியதும் சரிவராது. கொள்ளளவு மீறினால் வழியும், இங்கே பாத்திரமே காலியாகிறது.

ஒரு சிக்கல் மிச்சம்: புணர்ச்சி விதிப்படி 'உட்டேடுசொல்' என்றாக வேண்டும். வாயில் நுழையுமா? 'உள் தேடுசொல்' என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.