மறு: வார்ம்-அப் மேட்ச்: பயிற்சியா, ஒத்திகையா, வெள்ளோட்டமா?

வணக்கம்.

கிரிக்கெட்டில் பெரிய தொடருக்கு முன்னால் அணிகள் ஆடிப்பார்க்கும் ‘வார்ம்-அப் மேட்ச்’சுக்குத் தமிழில் என்ன சொல்வது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘பயிற்சி ஆட்டம்’ என்று பத்திரிகைகளில் புழங்குகிறதே, அதை ஏன் நோண்ட வேண்டும் என்று அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். ஆனால் நம் சிங்கப்பூரில் வார இறுதி வகுப்பும் பயிற்சி, தேசிய சேவை முகாமில் நடப்பதும் பயிற்சி, வலைக்குள் நின்று பந்தடிப்பதும் பயிற்சி. எதிரணி வந்து, நடுவர் நின்று, ஸ்கோர் எழுதி ஆடுவதையும் அதே பெயரில் சொன்னால், ‘இந்திய அணிக்கு இன்று பயிற்சி’ என்று செய்தி வரும்போது எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

சிலர் சொல்லும் ‘தேர்வு ஆட்டம்’ வேண்டவே வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் டெஸ்டையே தேர்வுத் துடுப்பாட்டம் என்கிறார்கள், போதாக்குறைக்கு அணித் தேர்வு வேறு. ‘தேர்வுப் போட்டிக்கு முந்தைய தேர்வு ஆட்டத்தில் தேர்வாளர்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் பாவம். தவிர, இந்த ஆட்டத்தை வைத்து மட்டும் யாரையும் எடுப்பதும் இல்லை. 2020 டிசம்பரில் சிட்னியில் இளஞ்சிவப்புப் பந்தில் ஆஸ்திரேலியா ஏ அணிக்கு (அவர்களின் இரண்டாம் நிலை அணி) எதிராக இந்தியா ஆடிய பகலிரவு ஆட்டத்தில் விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் 73 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 103 அடித்தார். அடுத்த வாரம் அடிலெய்டு டெஸ்டில் கீப்பராக இறங்கியதோ இன்னொரு கீப்பரான சாஹா. (அந்த டெஸ்டில்தான் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது, அந்தக் கதை இப்போது வேண்டாம்.) பந்த் மெல்பர்னில்தான் உள்ளே வந்தார்.

சரி, ஒத்திகை. எனக்கும் பிடித்த சொல்தான், கொஞ்சநாள் அதையே எழுதினேன். ஆனால் ஒத்திகைக்கு வரும்போது யாருக்கு என்ன வேடம் என்பது முடிவாகியிருக்கும். 2024இல் கான்பராவில் ஆஸ்திரேலியப் பிரதமர் அணிக்கு எதிராக இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு அது பொருந்தும். ராகுலும் ஜெய்ஸ்வாலும் தொடக்கத்தில் இறங்கினார்கள், வழக்கமாகத் தொடக்கத்தில் இறங்கும் கேப்டன் ரோகித் நான்காவதாக வந்தார். இனி தொடக்க ஜோடி இதுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது, அடுத்து வந்த அடிலெய்டு டெஸ்டிலும் அப்படித்தான், ரோகித் மட்டும் இன்னும் கீழே ஆறாவது இடத்துக்குப் போனார். அதே ஆட்டத்தில் கில் 50 அடித்ததும் அவுட் ஆகாமலேயே வெளியே போய்விட்டார், வெற்றி இலக்கைத் தொட்ட பிறகும் மீதி ஓவர்களை ஆடினார்கள். ஜெயிப்பது அங்கே கணக்கே இல்லை, எத்தனை பேருக்குப் பந்தை ஆடக் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் 2022இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் இந்தியா ஆடியதை ஒத்திகை என்று யார் சொல்வார்கள்? இரண்டு பக்கமும் 13 பேர். புஜாரா, பந்த், பும்ரா, பிரசித் கிருஷ்ணா என்று இந்திய வீரர்கள் நால்வர் எதிரணியான லெஸ்டர்ஷயருக்கு ஆடினார்கள். இந்தியாவின் ஷமி போட்ட பந்தில் புஜாரா பூஜ்யத்தில் போல்டு ஆனார், ஷமி ஓடிவந்து அவரையே கட்டிப்பிடித்தார். அப்புறம் அதே புஜாரா இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவுக்காக மட்டையோடு வந்தார்! 11 பேருக்கு மேல் ஆடினால் முதல்தர ஆட்டம் (வீரர்களின் அதிகாரபூர்வக் கணக்கில் சேரும் ஆட்டம்) என்ற தகுதி போய்விடும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கள் பந்துவீச்சாளர்களைத் தங்கள் மட்டையாளர்களே எதிர்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

அதனால் என் ஓட்டு வெள்ளோட்டத்துக்கு. புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன்பே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்களே, அது. சக்கரம் எங்கே முனகுகிறது, வளைவில் திரும்புகிறதா, வடம் தாங்குமா என்று பார்ப்பது. சாமி ஏறியிருக்காது, யார் ஜெயித்தார் என்ற பேச்சும் கிடையாது. இடம் உறுதியான பும்ராவை உட்கார வைப்பது, சந்தேகத்தில் இருப்பவருக்கு இரண்டுமுறை மட்டை கொடுப்பது எல்லாமே இதில் அடங்கும். ‘வெள்ளோட்ட ஆட்டம்’, அதில் இறங்குவது ‘வெள்ளோட்ட அணி’. ஓட்டமும் ஆட்டமும் அடுத்தடுத்து வந்து நாக்கில் இடிக்கிறது என்றால் வெறும் வெள்ளோட்டம் என்றே எழுதலாம்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளோட்டம் என்றதும் தைப்பூச வெள்ளித் தேரை நினைத்துக்கொள்வார்களாம். நினைக்கட்டுமே, டீச்சர், தேர் வரை வந்துவிட்டார்களே! மிச்சத்தை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கில் செய்ததுபோல் அவுட் ஆகாமல் தானாக வெளியே போவதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் ‘ரிட்டயர்டு’ என்கிறார்களே என்று ‘ஓய்வு பெற்றார்’ என யாராவது எழுதினால் சண்டைக்கு வருவேன்.