வயல் மண்ணில் ஈயமும் கட்மியமும்: உமிக்கரி போட்டால் நெல்லுக்கு ஏறாதா?

வழுக்கையாற்றான்:
யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்ச வயல் இருக்கிறது. மேட்டில் முன்பு பழைய பற்றரி உடைக்கிற கொட்டில் ஒன்று இருந்தது. மாரி வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு எங்கள் வரம்புக்குள்தான் இறங்கும். மண்ணைச் சோதித்தோம், ஈயம் அதிகம், கட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கிறதாம். விதைப்பது மொட்டைக்கறுப்பன், வீட்டுச் சோறும் அதுதான். மகளுக்கு மூன்று வயது. உமிக்கரி போட்டால் நெல் உறிஞ்சாது என்கிறார்கள். மில்லில் உமி வாங்கி எரித்துப் போட்டால் போதுமா?

ஊமல்அக்கா:
தம்பி, எரிக்கக் கூடாது, கருக்க வேண்டும். நான் பெரிய தகரப் பேணியில் ஓட்டைகள் போட்டு, மேலே புகைக்குழாய் வைத்து, உள்ளே ஊமல் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) மூட்டிவிட்டு, சுற்றிவர உமியைக் குவிப்பேன். மேலே கறுப்புத் தெரியத் தொடங்கினால் இடத்தை விட்டு அசையக் கூடாது. மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி, முழுக்கக் கறுத்தவுடன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். வெள்ளை தட்டினால் அது சாம்பல். மூன்று கிலோ உமிக்கு ஒரு கிலோ கரி தேறும். ஈரத்தோடேயே தூவுங்கள், தூசு நெஞ்சுக்குக் கூடாது.

மண்கிழவன்:
அக்கா சொன்னபடி செய்யுங்கள். ஆனால் கரி ஈயத்தை வயலை விட்டு எடுக்காது, பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆய்வுகளில் பெரும்பாலும் சதுர மீற்றருக்கு 1 முதல் 2 கிலோ போடுகிறார்கள். 10 பேர்ச் (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) நிலத்துக்கே குறைந்தது 250 கிலோ கரி, அதாவது முக்கால் தொன் உமி. வெள்ளம் இறங்குகிற மூலையில் தொடங்குங்கள்.

மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பீஎச் அளவையும் பாருங்கள். கரி மண்ணின் புளிப்பைக் குறைத்துத்தான் பாதி வேலையைச் செய்கிறது. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் அந்தப் பாதி ஏற்கெனவே நடந்திருக்கலாம்.

சோற்றில் எனக்குப் பயம் கட்மியம்தான். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும்; அது வருவது சேற்றிலும் தூசிலும், வைக்கோலில் ஒட்டியும். தண்ணீர் நிற்கிற வயலில் கட்மியம் அடங்கிக் கிடக்கும், வயல் காய்ந்தால் கரைந்து வேருக்குப் போகும். எங்கள் காலபோகம், அதாவது மாரிப் போகம், தையில், மணி முற்றுகிற நேரத்திலேயே காய்ந்துவிடுகிறதே! முடிந்தால் கிணற்றில் இறைத்தாவது அந்த இரண்டு மூன்று கிழமை ஈரம் வையுங்கள். ஆனால் ஆசனிக் என்ற நஞ்சும் இருந்தால் கதை மாறும், அது தண்ணீர் நின்றால்தான் நெல்லுக்கு ஏறும். அதையும் சோதியுங்கள்.

வழுக்கையாற்றான்:
நன்றி ஐயா, அக்கா. மகளுக்கு இப்போதைக்கு வேறு அரிசிதானா?

மண்கிழவன்:
ஓம். தீட்டிய அரிசியில் கட்மியத்துக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின் எல்லை கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், தானியத்தில் ஈயத்துக்கு 0.2. வீட்டில் இருக்கிற அரிசியைச் சோதிக்கக் கொடுத்து, முடிவு வரும் வரை பிள்ளைக்கு வெளி அரிசி. மாரிக்கு முன் மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி அந்த வெள்ளத்தையும் திருப்புங்கள். அடுத்தவன் வயலுக்குள் போகாமல்.