பாலாவின் மோட்டார் சைக்கிளுக்கு உறை: குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

பாலா: சித்தி, மாமா, ஓர் உதவி. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கம்பிகளில், எண்ணெய் கசிகிறது. நாளைக்குக் கடையில் சீலை (எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம்) மாற்றுகிறார்கள். மறுபடியும் கசியாமல் இருக்க உறை போடச் சொல்கிறார்கள், ஆனால் விலை கூட. நாமே தைக்க முடியுமா?

மல்லிகா சித்தி: சனிக்கிழமை பிரியாவின் வளைகாப்புக்கு வருகிறாயா இல்லையா?

பாலா: வருகிறேன் சித்தி. அதற்குத்தான் வண்டியைச் சரி செய்கிறேன்.

பார்வதி அம்மா: பினாங்கு இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். காற்று வேறு. பஸ்ஸில் போ.

குமார்: அண்ணா, பழைய டியூபை வெட்டிச் சுற்று. காசே இல்லை.

சேகர் மாமா: பாலா, கவனமாகப் படி. கசிகிற சீலின் மேல் உறை போட்டால் கசிவு நிற்காது, மறைந்துதான் போகும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் வழிந்தால் பிரேக் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பிரேக் பேடையும் மாற்றச் சொல். சீல் ஏன் போகிறது? தெலுக் கும்பார் பக்கம் மண் லாரி ஓடுகிற சாலையில் நீ தினமும் போகிறாய். சேறு ஃபோர்க் கம்பியில் காய்ந்து ஒட்டும். கம்பி ஏறி இறங்கும்போது அந்த மண் சீலின் விளிம்பை அறுக்கும். உறை அந்த மண்ணைத்தான் தடுக்கும்.

பாலா: சரி மாமா.

தேவி அத்தை: பாலா, லிட்டில் இந்தியாவில் கண்ணாடி வளையல் வாங்கி வா. பச்சையும் சிவப்பும்.

சேகர் மாமா: தேவி, கொஞ்சம் பொறு. குமார் சொன்ன டியூப் வேண்டாம். இறுக்கமாகப் பிடித்தால் உள்ளே போன மண்ணும் தண்ணீரும் வெளியே வராது, கம்பி துரு பிடிக்கும். ஜீன்ஸ் துணியும் வேண்டாம், ஈரத்தைக் குடிக்கும். பழைய லேப்டாப் உறை இருக்கிறதா? மெத்தென்று ரப்பர் மாதிரி இருக்குமே, நியோபிரீன், அதுதான் சரி. டஸ்ட் சீலுக்கு (வெளியே தெரியும் தூசி தடுக்கும் வளையம்) கீழே தடித்த குழாயைச் சுற்றி அள. அதோடு 3 சென்டி சேர்த்து வெட்டி வெல்க்ரோ தை. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் கம்பியில் படவே கூடாது. ஒட்டு பின்பக்கம் வரட்டும்.

குமார்: உயரம்?

சேகர் மாமா: அதுதான் முக்கியம். கம்பியில் ஒரு கேபிள் டையை (ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) டஸ்ட் சீலை ஒட்டிக் கட்டி, ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்துப் பார். டை எவ்வளவு மேலே தள்ளப்படுகிறதோ அவ்வளவு தூரம் ஃபோர்க் அமுங்குகிறது. அமுங்கும்போது உறை மேலே போய் முட்டக் கூடாது. மழையில் நனைந்தால் கழற்றித் துடைத்துவிட்டுப் போடு. உள்ளே மண் தங்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் ஆகிவிடும்.

பாலா: லேப்டாப் உறை இருக்கிறது. சித்தி, தைத்துத் தருவீர்களா?

மல்லிகா சித்தி: என் மெஷினில் அவ்வளவு தடிமன் ஏறாது. அம்மாவின் பழைய மெஷினில் ஏறும். அது யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

தேவி அத்தை: அத்தையே எனக்குக் கொடுத்தது, மல்லிகா.

மல்லிகா சித்தி: அம்மா கொடுக்கும்போது நான் இல்லை அண்ணி.

பார்வதி அம்மா: குழுவில் வேண்டாம். பிரியா பார்ப்பாள்.

பிரியா: பார்த்துவிட்டேன் அத்தை. சித்ரான்னம் எத்தனை வகை?

மல்லிகா சித்தி: ஐந்து போதும்.

தேவி அத்தை: ஏழு.

சேகர் மாமா: பாலா, சனிக்கிழமை அந்த உறையையும் எடுத்து வா. மெஷின் இங்கேதான் இருக்கிறது. மல்லிகா, நீயே உட்கார்ந்து தைத்துக் கொடு.

மல்லிகா சித்தி: பார்க்கலாம் அண்ணா. 16ஆம் எண் ஊசி வேண்டும். அங்கே இருக்கிறதா?

தேவி அத்தை: தேட வேண்டும்.

பாலா: நான் வாங்கி வருகிறேன். வளையல் எத்தனை டஜன் அத்தை?

பார்வதி அம்மா: பிரேக் பேட் மாற்றாமல் பாலத்தில் ஏறாதே.