மிஸ்டி கோப்லண்ட் முதன்மை நடனமணியாக ஏன் 14 ஆண்டுகள் ஆயின?

நித்யா:
அமெரிக்கக் கறுப்பின நடனமணி மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில்தான் பாலே கற்கத் தொடங்கினார், மூன்றே மாதங்களில் விரல் நுனியில் நின்று ஆடினார் என்று படித்தேன். 2001இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் குழுநடன வரிசையில் சேர்ந்தவர், குழுவின் உச்சப் படியான முதன்மை நடனமணியானது 2015இல்தான். அவ்வளவு வேகமாகக் கற்றவருக்கு ஏன் இத்தனை தாமதம்? நிறம்தான் காரணமா?

மேல்மாடி ரசிகன்:
நிறமும் உண்டு, ஆனால் அந்த வரிசையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இருந்தபோது மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸின் கடைசி அடுக்கில் உட்கார்ந்து இந்தக் குழுவைப் பார்த்திருக்கிறேன். என் கண் பின்வரிசைப் பெண்களிடம்தான் போகும். ‘ஸ்வான் லேக்’ நாடகத்தில் நாயகனும் நாயகியும் ஆடும்போது, அன்னங்களாக வருபவர்கள் இருபுறமும் சிலையாக நிற்க வேண்டும். உடல் எடை முழுவதும் ஒரே காலில். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தாலும் அசையக் கூடாது. ஒருத்தி தனியாகத் தெரிந்தால் வரிசையே கெட்டுவிடும். தனியாகத் தெரியாதிருக்க ஆண்டுக்கணக்கில் பழக்குகிறார்கள். பதவி உயர்வோ தனியாகத் தெரிபவருக்குத்தான். எத்தனையோ திறமைசாலிகள் அந்த வரிசையோடு நின்றுபோகிறார்கள். மிஸ்டி அதிலிருந்து 2007இல் தனிநடனக் கலைஞராக மேலே வந்தார். எல்லோரும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்ற அதே விதிதான், கறுப்பினப் பெண்களுக்கு இடம் மறுக்கப் பாலே உலகில் வசதியான சாக்காகவும் இருந்தது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

செல்வி, பிசியோதெரபிஸ்ட்:
காயங்களை விட்டுவிட்டீர்களே! குழுவில் சேர்ந்த தொடக்கத்திலேயே முதுகெலும்பில் விரிசல். ஏறத்தாழ ஓராண்டு ஆட முடியவில்லை. 2012இல் ‘ஃபயர்பேர்ட்’ நாயகியாக ஆடியபோது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஆறு விரிசல்கள். அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். விரல் நுனியில் எழும்பிக் குதித்து இறங்கும்போது அந்த எலும்பு எவ்வளவு தாங்க வேண்டும் என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு 2015 ஜூனில் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸ் மேடையில் ‘ஸ்வான் லேக்’ நாயகி. ஒரு வாரத்துக்குள் முதன்மை நடனமணி. அந்தக் குழுவின் 75 ஆண்டு வரலாற்றில் அந்த இடத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

நித்யா:
இருவருக்கும் நன்றி. சில படங்களில் அவருடைய காலணி பழுப்பாக இருக்கிறதே, தனியாகச் செய்வதா?

மேல்மாடி ரசிகன்:
இல்லை. கடையில் பெரும்பாலும் வருவது இளஞ்சிவப்பு சாட்டின் துணிக் காலணி. வெள்ளைத் தோலுக்கென்று வந்த நிறம் அது. கறுப்பின நடனமணிகள் முகத்துக்குப் பூசும் ஒப்பனைப் பூச்சை ஸ்பாஞ்சில் தொட்டு, நாடா உட்பட முழுவதும் தாங்களே பூசிக்கொள்வார்கள். முழுநீள நாடகம் ஒன்றுக்கே ஒரு ஜோடி போதாமல் போகும், எனவே இந்த வேலை ஓயாது. பாலே காலணி செய்யும் லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் விற்பனையைத் தொடங்கியது 2018இல்தான்.