தீர்ப்புச் சொல்லாமல் பிணக்கைத் தீர்க்கப் பழகுவது எப்படி?

கேள்வி: படுவான்கரை வாசி

வணக்கம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எல்லை வேலி, வாய்க்கால் தண்ணீர், வயலுக்குள் இறங்கிய மாடு, கைமாற்றுக் கடன் என்று ஏதாவதொரு பிணக்கு எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறது. இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, யாரில் பிழை என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தோற்றவர் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த போகத்தில் அதே பிணக்கு பொலிஸ் நிலையத்தில் நிற்கும். இந்தப் பழக்கத்தை விட்டு, இரு தரப்பும் தாமே உடன்பாட்டுக்கு வரும்படி நடுநின்று பேசும் திறனை எமது இளைஞர்களுக்குப் பழக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்? மத்தியஸ்த சபை இருக்கும்போது கிராமத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: வாவிக்கரையார்

தம்பி, நான் சில காலம் மத்தியஸ்தராக இருந்தவன். ஆகையால் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளும் தீர்ப்பு வழங்குவதில்லை. மத்தியஸ்தர் குழாமிலிருந்து ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக்குவார்கள். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. அங்கே சொன்னதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவும் முடியாது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் இருப்பதால்தான் மனிதர்கள் ஓரளவுக்காவது மனம்விட்டுப் பேசுகிறார்கள். உடன்பாடு வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வழக்குக்குப் போகலாம். ஆனால் சபை பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் கூடும். வங்கிகள் அங்கே அனுப்பும் கடன் கோவைகளுக்கு நடுவே உங்கள் வரம்புத் தகராறின் முறை வருவதற்குள் இரு குடும்பமும் பேச்சை முறித்திருக்கும். கிராமத்தில் இத்திறன் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பழக்க வேண்டியது என்ன என்பதற்கு ஓர் அனுபவம். சிறுபோக வேளாண்மைக்குள் பட்டி மாடு இறங்கிய பிணக்கு அது. வயற்காரர் நட்டஈட்டுத் தொகையைவிட்டு அசையவில்லை. பட்டிக்காரர் "எங்கட மாடே இல்ல" என்பதைவிட்டு அசையவில்லை. நாங்களும் தொகையைக் கூட்டிக் குறைத்துப் பேசிக் களைத்துப் போனோம். பக்கத்திலிருந்த மத்தியஸ்தர், "முந்தின போகங்களில் மாடு எந்த வழியால் மேய்ச்சற்தரைக்குப் போனது?" என்று மட்டும் கேட்டார். அதுவரை வாய் திறக்காதிருந்த பட்டிக்காரரின் மகன், அந்த வழிக்குக் குறுக்கே புதுக் கம்பி வேலி விழுந்திருப்பதைச் சொன்னான். வேலி போட்டவர் அதே வயற்காரர். அதன் பிறகு பேச்சு வேறு திசையில் போனது: பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் மாடுகளை அப்புறப்படுத்தக் குறிக்கும் திகதி வரைக்கும் வேலியில் கடவை திறந்திருக்கும், அறுவடைக்குப் பின் அந்த வயலின் வைக்கோல் பட்டிக்காரருக்கு, குறைத்த நட்டஈடு இரு தவணைகளில். கம்பியை யார் கழற்றுவது, எந்த நாளில், யார் முன்னிலையில் என்பதுவரை எழுதிக் கையொப்பம் வாங்கினோம். "இனிச் சண்டை பிடிக்க மாட்டோம்" என்ற ஒற்றை வசனத்தோடு முடியும் உடன்பாடுகளை நான் நம்புவதில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு முதலில் இதைப் பழக்குங்கள்: ஒருவர் சொன்னதைத் தமது சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்னும்வரை அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால் தெரியும். தரப்புகளைத் தனித்தனியே சந்திப்பதும், அப்படிக் கேட்டதை அவர்களின் அனுமதியின்றி மறுபக்கம் கொண்டு போகாதிருப்பதும் அடுத்த படி.

பதில்: மருதமுனை ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் இந்த வழியில் தீர்க்க முனைவது ஆபத்து. கணவன் அடிக்கிறான் என்று வரும் பெண்ணை, "பிள்ளைகளைப் பார்த்துப் பொறுத்துக்கொள்" என்று சமாதானம் பேசி அனுப்பும் வேலையை எமது தமிழ், முஸ்லிம் இரு சமூகத்துப் பெரியவர்களும் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்த, அவள் பெயரிலேயே உள்ள வீடாக இருந்தாலும் இதுதான் நடக்கிறது. அடிக்குப் பயந்திருப்பவள் அடித்தவன் முன்னால் சம பலத்தோடு பேச முடியாது. அவளுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் உரிமை இருப்பதைச் சொல்லிக்கொடுப்பதே உங்கள் இளைஞர்களின் கடமை.

மற்றது, தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்துக்கூட சிறிது நேரத்தில் ஊர்ச் சண்டையாகிவிடும். 1985 இலும் 1990 இலும் தமிழ், முஸ்லிம் வன்முறைகளில் இப்பகுதி பட்டதை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சண்டை வந்த பிறகு ஆள் தேடாமல், இரு ஊரிலிருந்தும் தலா ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் முன்கூட்டியே குறித்து, ஒருவர் தொலைபேசி இலக்கம் மற்றவரிடம் இருக்கும்படி செய்து வையுங்கள்.

படுவான்கரை வாசி

இருவருக்கும் நன்றி. வயற்காரியங்களைக் கவனிக்கும் எங்கள் வட்டை விதானை, "வயல் விசயம் என்னுடையது" என்று மனத்தாங்கல் கொள்வாரோ என்று யோசிக்கிறேன். மேய்ச்சற்தரைப் பிரச்சினையையும் இதில் எடுக்கும்படி சிலர் கேட்கிறார்கள்.

பதில்: வாவிக்கரையார்

வட்டை விதானையை முதல் ஆளாகப் பயிற்சிக்கு அழையுங்கள் தம்பி. எந்த வயற்கண்டத்தில் யார் யாரோடு பகை என்பது அவருக்கே தெரியும். மயிலத்தமடு, மாதவனை போன்ற பெரிய மேய்ச்சற்தரைப் பிரச்சினைகளில் கை வைக்க வேண்டாம். அங்கே அரச நிறுவனங்களும் சம்பந்தப்பட்டிருப்பதால் கிராம மட்டத்தில் பேசி முடிக்க வழியில்லை. தனியார் இடையிலான காணிப் பிணக்கு முற்றினால், அதற்கென விசேட மத்தியஸ்த சபைகளை அமைக்க 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் இடமுண்டு. அரசியல் சார்பற்ற அமைப்புகள் மத்தியஸ்தர்களாக ஆட்களைப் பரிந்துரைக்கவும் முடியும். அப்படிப் பெயர் அனுப்பும்போது, கட்சி மேடைகளில் ஏறாதவர்களாகப் பாருங்கள். ஆசிரியை சொன்னதை வைத்துப் பெண்கள் சிலரின் பெயரையும் கட்டாயம் சேருங்கள். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விபரம் கிடைக்கும்.